பாலூ தம்பி (எழுத்துரு)

பாலூ தம்பி என்பது தலைப்புகளுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் ஏற்ற, தடித்து உருண்ட ஒரு தமிழ் எழுத்துரு ஆகும். மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் என்னும் வடிவமைப்புக் குழு உருவாக்கிய பாலூ எழுத்துருக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ் எழுத்துகளை வடிவமைத்தவர் ஆதர்ஷ் ராஜன். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் 2016இல் இது வெளியானது. மலையாளத்தில் சேட்டன், தெலுங்கில் தம்முடு, பஞ்சாபியில் பாஜி என இக்குடும்பத்தின் பிற எழுத்துருக்களுக்கும் அந்தந்த மொழியில் சகோதரனை அழைக்கும் சொல்லே பெயராக உள்ளது.

தடிமனும் தெளிவும்

கோடு தடிக்கும்போது எழுத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடம் சுருங்குகிறது. தமிழில் பல எழுத்துகளின் வேறுபாடு அந்த வெற்றிடத்தில்தான் உள்ளது. சுழிகள் அடைபட்டால் ண, ன இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்; 'பணி' 'பனி' ஆகிவிடும்.

பெரம்பலூர் என்ற ஊர்ப்பெயர் இதற்கு நல்ல சோதனை. ஒற்றைக்கொம்பின் சுழி தெளிவாக இல்லையெனில் அது 'பேரம்பலூர்' எனப் படிக்கப்படும். ரகரத்தின் கீழ்வால் மறைந்தால் அது துணைக்காலாகத் தோன்றி, பெயர் 'பொம்பலூர்' ஆகிவிடும். அரியலூர் என்ற பெயரில் இச்சிக்கல் குறைவு. அதில் வரும் ரி, ர் ஆகியவற்றை மேல்விலங்கும் புள்ளியும் காட்டிக்கொடுக்கின்றன. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்திலிருந்து பலகையைப் படிப்பவருக்கு இந்த நுண்ணிய வேறுபாடுகளே ஊரை அடையாளம் காட்டுகின்றன.

கொம்பின் வரலாறு

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படாததால் எகர, ஏகாரக் குறில் நெடில் வேறுபாட்டை இடம் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. நெடிலுக்கு மேற்சுழித்த கொம்பை அமைத்து இக்குழப்பத்தை நீக்கியவர் வீரமாமுனிவர் எனக் கருதப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டில் அவர் தங்கிப் பணியாற்றிய ஏலாக்குறிச்சி இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. அன்று பிரித்துக் காட்டிய கொம்புகளைத் தடித்த எழுத்துரு மீண்டும் கலந்துவிடாமல் காப்பது வடிவமைப்பாளரின் பொறுப்பாகும்.

பயன்பாடு

கடைப்பலகை, விழாப் பதாகை, சுவரொட்டி, சிறுவர் நூல் அட்டை ஆகியவற்றுக்கு இவ்வெழுத்துரு பொருந்தும். நீண்ட பத்திகளுக்கும் சிறிய அளவு எழுத்துகளுக்கும் ஏற்றதன்று. பின்னர் வந்த பாலூ தம்பி 2 ஐந்து தடிமன்களில் கிடைப்பதால், முகவரி, தொலைபேசி எண் போன்ற சிறிய வரிகளுக்கு மெல்லிய வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

இது ஒருங்குறி எழுத்துரு. ஒருங்குறித் தமிழைக் கையாளாத பழைய அச்சு மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தள்ளிப்போகக்கூடும். எனவே அச்சிடும் முன் ஊர்ப்பெயர்களைப் பெரிதாகவும் சிறிதாகவும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

உரிமம்

திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வெளியானதால் வணிகப் பணிகளுக்கும் இதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மாற்றியமைத்துப் பகிரவும் செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்க அனுமதி இல்லை.