புத்தகப் பைக்குள் தங்கிவிடும் பரிந்துரைச் சீட்டு

பள்ளி மருத்துவ முகாமில் பரிந்துரைக்கப்பட்டு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் மாணவர்களுள் சிலர், சீட்டு எழுதப்பட்டுப் பல மாதங்கள் கடந்த பின்னரே வருகின்றனர். மடிந்து, ஓரம் கிழிந்து, புத்தகங்களுக்கிடையே கிடந்த சீட்டை நீட்டும்போது பெற்றோரின் முகத்தில் தயக்கம் தெரிகிறது. அவர்களை நாங்கள் கடிந்துகொள்வதில்லை. ஒருநாள் கூலியை இழந்து மருத்துவமனைக்கு வருவதன் சுமையை அறிவோம். ஆயினும் அச்சீட்டின் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது, அதனை ஏன் காலந்தாழ்த்தலாகாது என்பதை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தமிழகத்தில் பள்ளிக் குழந்தைகளின் உடல்நலம் பற்றிய அக்கறை உணவிலிருந்து தொடங்கியது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றன. உணவோடு மருந்தும் இணைந்தது. இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொண்டால் குமட்டல் உண்டாகலாம். அதனாலேயே வாரம் ஒருமுறை மதிய உணவுக்குப் பின், ஆசிரியரின் முன்னிலையில் அது வழங்கப்படுகிறது. சமையலரும் ஆசிரியரும் செவிலியரும் ஒரே குழந்தைக்காக இணைந்து பணியாற்றுவதற்கு இதுவே எளிய சான்று.

2013-இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத்திட்டம் இப்பணியை மேலும் விரிவாக்கியது. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு, ஊட்டச்சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் கண்டறிவது அதன் நோக்கம். நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று பரிசோதிக்கின்றனர். மேல்சிகிச்சை தேவைப்படுவோருக்கே பரிந்துரைச் சீட்டு வழங்கப்படுகிறது. அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டாலும் இத்திட்டத்தின்கீழ் அது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

இவ்வளவும் நடந்த பின், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இடையே எஞ்சியிருக்கும் தொலைவைக் குடும்பம் மட்டுமே கடக்க இயலும்.

“பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்” என்று பெற்றோர் பலர் கூறுவர். பார்வை மங்கிய குழந்தை முறையிடுவதில்லை. உலகம் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அது எண்ணிக்கொள்கிறது. கரும்பலகை தெரியாததால் பாடத்தில் பின்தங்கும்போது ‘கவனமில்லாதவன்’ என்ற பெயரையும் சுமக்கிறது. ஒரு கண் மட்டும் பலவீனமாகும் ‘சோம்பேறிக் கண்’ குறைபாட்டுக்கு ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்குவதே சிறந்தது. அதன்பின் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே போகும்.

இதய ஒலியில் வேறுபாடு உள்ளதாகச் சீட்டில் எழுதியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் அது தீங்கற்றதாகவே இருக்கும். எக்கோ பரிசோதனை ஐயத்தைத் தீர்த்துவிடும். ஆனால் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்டிருந்தால், மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி செலுத்தி மேலும் சேதம் நேராமல் காக்க இயலும். அதற்குக் குழந்தை உரிய நேரத்தில் எங்களிடம் வந்து சேர வேண்டும்.

எனவே, முகாம் நடந்த நாளன்று மாலையில் பிள்ளையின் பையைப் பார்த்துவிடுங்கள். சீட்டு இருப்பின், செல்ல வேண்டிய நாளையும் இடத்தையும் வகுப்பாசிரியரிடம் கேட்டறியுங்கள். வரும்போது சீட்டையும், முன்னர் எடுத்த பரிசோதனை முடிவுகளையும் கொண்டு வாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுத்தால் அஞ்சி நிறுத்திவிட வேண்டாம், அது இயல்பானதே. மாத்திரை உட்கொண்ட உடனே தேநீர், காப்பி அருந்துவதை மட்டும் தவிர்க்கச் செய்யுங்கள்.

தாமதமாகிவிட்டதே என்று எண்ணி வராமல் இருந்துவிடாதீர்கள். சீட்டு எவ்வளவு பழையதாயினும், தொலைந்தே போயிருப்பினும், பிள்ளையை அழைத்து வாருங்கள். சென்ற மாதங்களைப் பற்றி நாங்கள் கேட்கப்போவதில்லை. இனிச் செய்ய வேண்டியதை நாம் சேர்ந்து செய்வோம்.