மண்வாசனைக்காரன் செய்த களைக்கொல்லி

சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் செம்மண்ணில் முதல் மழை விழுந்ததும் ஒரு வாசனை எழுமே, அதில் பெரும்பங்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவின் கைவேலை. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைத் தந்ததும் இந்தக் குடும்பம்தான். இதே குடும்பம் களைக்கொல்லியும் செய்கிறது என்பது ஈரோட்டு மஞ்சள்காட்டுக்காரர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

வைகாசி, ஆனியில் ஊன்றிய மஞ்சள் தை, மாசி வரை நிலத்தில் நிற்கும். இலை விரிந்து தரையை மூடும்வரை களைக்குக் கொண்டாட்டம். களைக்கொத்துப் பிடிக்க ஆள் தேடி, "ஆளே கெடைக்கறதில்லீங்க" என்று அலுத்துக்கொள்ளாத காட்டுக்காரர் கொங்கு நாட்டில் உண்டா?

1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்திலும் ஜப்பானிலும் ஆய்வாளர்கள் தனித்தனியே மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் ஒரு வகை ஸ்ட்ரெப்டோமைசிஸ், ஜப்பானில் இன்னொரு வகை. இரண்டிலும் கிடைத்தது ஒரே பொருள். அதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் பியலாபாஸ். மெய்ஜி செய்க்கா என்ற நிறுவனம், சாக்லேட்டுக்குப் பேர்போனது, பாக்டீரியாவைத் தொட்டியில் நொதிக்கவிட்டு இதைத் தயாரித்து 1984இல் களைக்கொல்லியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இது கொல்லும் விதம் சுவையானது. பியலாபாஸில் மூன்று கண்ணிகள். செடிக்குள் போனதும் இரண்டு கண்ணிகளைச் செடியே வெட்டிவிடுகிறது. மிஞ்சும் மூன்றாவதுதான் நஞ்சு. தன் கையால் உறையைப் பிரித்துத் தானே சாகிறது களை. செடிக்குள் சேரும் அம்மோனியாவை குளுட்டமின் என்ற பொருளாக மாற்றிப் பயன்படுத்த ஒரு நொதி உண்டு. நஞ்சு அந்த நொதியை அடைத்துக்கொள்ளும். அம்மோனியா தேங்கும், ஒளிச்சேர்க்கை முடங்கும். நல்ல வெயிலடித்தால் இலை இன்னும் வேகமாகக் கருகும்.

இந்த நஞ்சைச் செயற்கையாகச் செய்ததுதான் குளுபோசினேட். நம் நாட்டில் தேயிலைக்கும் பருத்திக்கும் பதிவு பெற்ற மருந்து. ஆக, 'ரசாயனம்' என்று நாம் திட்டுகிற ஒன்றின் பூர்வீகம் மண்.

அந்த நொதி பாக்டீரியாவுக்கும் வேண்டுமே, அது ஏன் சாகவில்லை? நஞ்சின் மேல் ஒரு சிறு மூடியை மாட்டிச் செயலிழக்க வைக்கும் மரபணு அதனிடம் இருக்கிறது. 'பார்' என்று பெயர். அதைப் பயிருக்குள் வைத்தால் பயிர் தப்பும், களை சாகும். டெல்லி பல்கலைக்கழகம் உருவாக்கிய டிஎம்எச்-11 கடுகில் இந்த மரபணு இருக்கிறது. 2022 அக்டோபரில் அதற்குச் சுற்றுச்சூழல் ஒப்புதல் கிடைத்தது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்பு எழுதினார்கள்.

இயற்கை தந்தது என்பதால் சாது என்று எண்ணிவிட வேண்டாம். கருவுறுதலையும் கருவையும் பாதிக்கக்கூடும் என்ற காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் குளுபோசினேட்டுக்கு எதிர்ப்பு வலுத்தது. 2018இல் அனுமதி காலாவதியானது, புதுப்பிக்கப்படவில்லை.

நம் காட்டுக்கு வருவோம். மஞ்சளுக்குப் பெரும் பகையான கோரையிடம் இதன் ஜம்பம் அவ்வளவாகச் சாயாது. இது பட்ட இடத்தைப் பொசுக்கும் மருந்து; மண்ணுக்குள் இருக்கும் கோரைக்கிழங்கு வரை இறங்குவது குறைவு. மேலே கருகும், சில நாளில் கீழிருந்து மறுபடி துளிர்க்கும். களைக்கொத்தைப் பரணில் போடும் நாள் வரவில்லை.

மருந்துக்கடையில் யார் என்ன சொன்னாலும், புட்டியில் ஒட்டிய தாளைப் படித்துப் பாருங்கள். உங்கள் பயிரின் பெயர் அதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். கோரை எது, மஞ்சள் எது என்று அந்த மருந்துக்குத் தெரியாது.