பழைய வொக்ஸ்வேகன் காரில் கிராங்க் புல்லியைக் கழற்றுவது எப்படி?



நம்ம தோட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் டவுன் கராஜ்களுக்கு வேலை பழகப் போகிறார்கள். வேலை பழகும்போது ஒரு சாமான் உடைந்தால், அந்தக் காசு பல நேரம் பிள்ளையின் சம்பளத்தில்தான் வெட்டப்படும். எனக்கும் அது நடந்தது. சின்ன வயதில் ஒரு கராஜில் கொஞ்ச காலம் நின்றேன். ஒரு வொக்ஸ்வேகனின் கிராங்க் புல்லியை இரண்டு ஸ்குரூ டிரைவரால் நெம்பி, அதன் விளிம்பை நெளித்துவிட்டேன். அந்த மாதச் சம்பளத்தில் பாதி அதோடு போய்விட்டது. சரியான முறையை அன்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த எஞ்சின் எப்படிப்பட்டது?

ஆமை முதுகு போல வளைந்த இந்தக் கார் ஜெர்மனியில் பிறந்தது. கடைசிக் கார் 2003ஆம் ஆண்டு மெக்சிகோ நாட்டில் செய்யப்பட்டது. எஞ்சின் பின்பக்கம் இருக்கும். ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. காற்றுத்தான் எஞ்சினைக் குளிர வைக்கிறது.

எஞ்சினின் நடுத்தண்டுதான் கிராங்க். அதன் முனையில் பெல்ட் ஓடும் கப்பிதான் கிராங்க் புல்லி. அந்த பெல்ட் மேலே உள்ள டைனமோவைச் சுற்றுகிறது. டைனமோத் தண்டின் மறுமுனையில் காற்றாடி இருக்கிறது. ஆகவே பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டுமல்ல, குளிர்ச்சியும் நின்றுவிடும். ஓடும்போது சிவப்பு லைட் எரிந்தால் "வீடு வரை போய்விடலாம்" என்று நினைக்க வேண்டாம். உடனே நிறுத்திப் பெல்ட்டைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். புல்லியின் கழுத்தில் திருகு போல ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். கம்பெனியிலிருந்து வந்த எஞ்சினில் அந்த இடத்தில் ரப்பர் சீல் இல்லை. வெளியே வரப் பார்க்கும் ஒயிலை இந்தப் பள்ளம்தான் உள்ளே திருப்பி அனுப்புகிறது. அதில் கீறல் விழுந்தால் ஒயில் ஒழுகத் தொடங்கும்.

கழற்றும் முறை

1. எஞ்சின் நன்றாக ஆறட்டும். காரை மட்டமான இடத்தில் நிறுத்தி, டயர்களுக்குக் கட்டை வையுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பின் சீட்டுக்குக் கீழே உள்ள பட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள்.

2. டைனமோப் புல்லியின் நட்டைக் கழற்றி பெல்ட்டை எடுங்கள். அந்தப் புல்லி இரண்டு பாதியாகக் கழன்று வரும். இடையில் உள்ள மெல்லிய வாஷர்களை எண்ணி, ஒன்றும் தொலையாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

3. கிராங்க் புல்லிக்கு இடைஞ்சலாக இருக்கும் தகர மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றி, மூடியை எடுத்துவிடுங்கள்.

4. நடுவில் உள்ள போல்ட்டின் தலை 30 மில்லிமீற்றர். அதற்குச் சரியான சொக்கட்டும் நீளமான கைப்பிடியும் வேண்டும். நாலாவது கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இன்னொருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். போல்ட்டுக்கு நேரே நின்று இடது பக்கமாகத் திருப்புங்கள். அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். உளி வைத்து அடிக்க வேண்டாம்.

5. போல்ட் வந்த பிறகும் புல்லி தானாக வராது. இங்கேதான் நான் அன்று அவசரப்பட்டேன். இதற்கு 'புல்லர்' என்ற கருவி இருக்கிறது. முதலில் போல்ட்டை வாஷர் இல்லாமல் சில சுற்று மட்டும் திரும்பப் பூட்டுங்கள். புல்லரின் கொக்கிகளைப் புல்லியில் உள்ள ஓட்டைகளில் மாட்டுங்கள், விளிம்பில் மாட்ட வேண்டாம். நடுத் திருகு போல்ட்டின் தலையில் முட்டட்டும். அப்போதுதான் கிராங்கின் மரை கெடாது. மெல்ல மெல்லத் திருகினால் புல்லி இளகி வரும். பிறகு போல்ட்டை எடுத்துவிட்டுப் புல்லியை நேராக இழுங்கள்.

ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் புல்லி மட்டும் கெடாது. பின்னால் உள்ள எஞ்சின் உடம்பு மக்னீசியம் கலந்த உலோகம். அது இரும்பைப் போல உறுதியானது அல்ல. அது வெடித்தால் செலவு பல மடங்கு.

6. தண்டில் அரைநிலா வடிவத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு, அதாவது 'கீ', இருக்கும். அதுதான் புல்லியைச் சரியான இடத்தில் நிற்க வைக்கிறது. அது கீழே விழுந்து தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் பூட்டும்போது

கழுத்தைத் துடைத்துக் கொஞ்சம் ஒயில் தடவுங்கள். கீ அதன் பள்ளத்தில் இருக்கிறதா என்று பார்த்து, புல்லியை நேராக ஏற்றுங்கள். போல்ட்டை அந்த எஞ்சினின் கைநூலில் சொன்ன அளவுக்கே இறுக்குங்கள். பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 15 மில்லிமீற்றர் உள்ளே போக வேண்டும். இரண்டு பாதிக்கும் இடையில் வாஷர் கூடினால் பெல்ட் தளரும், குறைந்தால் இறுகும். மிஞ்சும் வாஷர்களை வீசாமல் நட்டுப் பக்கம் போட்டு வையுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யுமுன் கியரை நியூட்ரலுக்கு எடுங்கள். ஓடும்போது பெல்ட் பக்கம் கையோ சட்டைத் துணியோ போகக் கூடாது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கராஜில் வேலை பழகினால் இதை அவரிடம் கொடுங்கள். "புல்லர் இருக்கா பாஸ்?" என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்றால், எங்கேயாவது இரவல் வாங்கி வரும் வரை வேலை நிற்கட்டும். ஒரு நாள் தாமதத்துக்குப் பாஸ் ஏசினாலும், பாதிச் சம்பளம் போகாது.