நலமா என்று கேட்ட பிறகு...

ஐப்பசி பிறந்துவிட்டால் மும்பையில் வாழும் தமிழர் வீடுகளில் ஒரு பழக்கம் தொடங்கிவிடும். இங்கே மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, தீபாவளிப் பட்சண வேலை நடந்துகொண்டிருக்கும். ஆனால் இரவுச் செய்தியில் "வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு" என்று ஒரு வரி வந்தால் போதும், வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். நாகையா, கடலூரா, ராமநாதபுரமா? யார் ஊர்ப் பக்கம்?

நாம் பிழைப்புக்காக இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். ஆனால் பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும் கடலோரத்திலேயே இருக்கிறார்கள். புயல் அடித்த மறுநாள் நம்மால் முடிவதெல்லாம் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பதுதான். அந்தத் தவிப்பைப் பற்றியும், அதைவிட முக்கியமாக, தவிப்பு தீர்ந்த பிறகு நாம் செய்ய வேண்டியதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம். நான் நேரில் அறிந்த கஜா புயலை வைத்தே சொல்கிறேன்.

யானை வந்த இரவு

கஜா என்ற பெயரைக் கொடுத்தது இலங்கை. யானை என்று பொருள். 2018 நவம்பர் 15 இரவு கடந்து, 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையைக் கடந்தது. காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். புயலின் கண் கடந்த ஊர்களில் முதலில் வடக்கிலிருந்து காற்று. பிறகு சிறிது நேரம் ஓர் அமைதி. அதன் பின் தெற்கிலிருந்து எதிர்க்காற்று. முதல் காற்றில் அசைந்து நின்ற மரங்களையும் கூரைகளையும் இரண்டாம் காற்று சாய்த்துவிட்டது.

கடலோரத்தோடு அது நிற்கவில்லை. தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களை உழுதுவிட்டு, திண்டுக்கல் வழியாகக் கேரளத்தைத் தாண்டி அரபிக்கடலுக்கே போய்விட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. வேதாரண்யம் பகுதியில் உப்பளங்களும் மாந்தோப்புகளும் முல்லைத் தோட்டங்களும் அழிந்தன. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் கரைகளில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நொறுங்கிக் கிடந்தன.

அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் 'அம்பத்திரெண்டுப் புயல்' என்று 1952 நவம்பர் 30 அன்று அடித்த புயலைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தார்கள். இனி அவர்கள் பேரப்பிள்ளைகள் கஜாவைச் சொல்வார்கள்.

மணி அடிக்காத தொலைபேசி

என் அண்ணன் குடும்பம் பேராவூரணிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணியிலிருந்து நான் முயன்றேன். அண்ணன் எண், அண்ணி எண், பக்கத்து வீட்டு எண், கடைத்தெரு மளிகைக்கடை எண்... எதிலும் மணிகூட அடிக்கவில்லை. மின்சாரம் போனதும் செல்போன் கோபுரங்கள் சில மணி நேரம் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் ஓடும்; டீசல் கொண்டுபோக வழியில்லாமல் சாலையெங்கும் மரம் கிடந்தால் அவையும் ஓய்ந்துவிடும். கோபுரம் உயிரோடு இருந்தாலும், நம்மவர் கையிலிருக்கும் போனில் சார்ஜ் இருக்க வேண்டுமே!

அன்று மாலை நம் சங்க அலுவலகத்தில் இருபது பேருக்கு மேல் கூடிவிட்டோம். முத்துப்பேட்டைக்காரர், வேதாரண்யத்துக்காரர், பட்டுக்கோட்டைக்காரர், ஒரத்தநாட்டுக்காரர் என்று எல்லாரும் ஒரே நிலைமையில். அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் சாதாரணமான ஒரு யோசனை சொன்னார். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தாலுகா வாரியாகப் பக்கம் பிரித்து, ஒவ்வொருவர் ஊரையும் வீட்டுப் பெயரையும் எழுத வைத்தார். "யாருக்கு லைன் கெடைச்சாலும் உங்க வீட்டை மட்டும் விசாரிச்சிட்டு வச்சிடாதீங்க. பக்கத்துல இருக்குற மூணு ஊரையும் கேளுங்க" என்றார்.

அந்த நோட்டுப் புத்தகம்தான் எங்களைக் காப்பாற்றியது. சனிக்கிழமை ஒரத்தநாட்டுக்காரருக்கு ஒரு லைன் கிடைத்தது. அதன் மூலம் நான்கு ஊர்ச் செய்தி வந்தது. திருச்சியில் இருக்கும் ஒருவருடைய மைத்துனர் மோட்டார் சைக்கிளில், கையில் அரிவாளோடு, கிளைகளை வெட்டி வழி செய்துகொண்டே பட்டுக்கோட்டை போய்ச் சேர்ந்தார். வழியில் பார்த்தவர்களின் பெயர்களைக் காகிதத்தில் எழுதிவந்து, திருச்சி திரும்பியதும் எங்களுக்குப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு 'டிக்'. ஒரு டிக் விழும்போது அந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

என் அண்ணனின் குரலை ஐந்தாம் நாள்தான் கேட்டேன். ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவரிடம் காசு கொடுத்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு பேசினார்.

"தம்பி, ஆளுங்க எல்லாம் நல்லாருக்கோம்ப்பா. கவலப்படாத."

"மரம் எப்படிண்ணே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நூத்தியெம்பதுல பதினொண்ணு நிக்குது" என்றார்.

உயிர் தப்பியது, பிழைப்பு?

இங்கேதான் நாம் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். அதே மாநிலத்தில் 2013இல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேர் வரை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள்; உயிர்ச்சேதம் நூறைக்கூட எட்டவில்லை. வானிலை எச்சரிக்கையும் புயல் பாதுகாப்பு மையங்களும் செய்த நன்மை அது. கஜாவின்போதும் தாழ்வான இடங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் முன்னதாகவே வெளியேற்றப்பட்டனர்.

ஆகவே இப்போதெல்லாம் நமக்கு ஊரிலிருந்து வரும் முதல் செய்தி பெரும்பாலும் நல்ல செய்தியாகவே இருக்கிறது. "எல்லாரும் நல்லாருக்கோம்." நாமும் நிம்மதியாக மூச்சு விடுகிறோம். ஆனால் ஆளை அழைத்துப் போய் முகாமில் உட்கார வைக்கலாம். தென்னந்தோப்பை அழைத்துப் போக முடியுமா? உப்பளத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா?

காவிரித் தண்ணீரை நம்ப முடியாமல் போனதால், பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பலர் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியிருந்தார்கள். நன்றாகப் பராமரித்த மரம் ஒன்று ஆண்டுக்கு நூறு காயாவது தரும். அண்ணனுக்கு விழுந்தவை 169 மரங்கள். அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், விழுந்ததை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. அவருடைய தோப்புக்கு மொத்தம் 1,85,900 ரூபாய். பெரிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு ஈடாகப் போனது ஆண்டுக்குப் பதினேழாயிரம் காய்; அதுவும் ஓர் ஆண்டுக்கு அல்ல. நெட்டைத் தென்னை நட்டால் காய்க்க ஆறேழு ஆண்டுகள். குட்டை ரகத்துக்கும் மூன்று நான்கு ஆண்டுகள். முழு விளைச்சலுக்கு இன்னும் காத்திருக்க வேண்டும்.

நம் மொழியில் தென்னங்கன்றைத் 'தென்னம்பிள்ளை' என்றுதான் சொல்கிறோம். வாழைக்குக் கன்று, நெல்லுக்கு நாற்று, தென்னைக்கு மட்டும் பிள்ளை. முப்பது வயதுப் பிள்ளைகள் 169 பேரை ஓரிரவில் இழந்த வீடு என்று எண்ணிப் பாருங்கள். தோப்பு போன துயரம் தாங்காமல் உயிரை விட்ட விவசாயிகளைப் பற்றியும் அந்த நாட்களில் செய்தி வந்தது.

விழுந்த மரம் சும்மாவும் கிடக்காது. மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, நிற்கிற மரத்தின் குருத்தைத் தின்னும். வெட்டி அகற்ற ஆள் கிடைக்கவில்லை; ஊர் முழுக்க மரம் கிடந்ததால் வாங்கவும் ஆள் இல்லை.

கை கொடுத்தவர்கள்

துயரத்தின் நடுவே சில நல்ல காட்சிகளையும் சொல்ல வேண்டும். அண்டை மாநில மின் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். அவர்களில் கேரளத்துக்காரர்களும் உண்டு. மூன்று மாதம் முன்பு, 2018 ஆகஸ்டில், அவர்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் துணியும் போயிருந்தன. ஊரில் ஒருவர் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோய் மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றினார்.

நம் சங்கமும் ஒரு லாரி அனுப்பியது. அனுப்பும் முன் ஊரில் உள்ளவர்களைக் கேட்டோம். "பழந்துணி வேணாம்ங்க, அது மலையா குவிஞ்சு கெடக்கு. தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, பொம்பளைங்களுக்கு நாப்கின், பிள்ளைங்களுக்கு நோட்டு, இதத்தான் யாரும் கொண்டாரல" என்றார்கள். அப்படியே அனுப்பினோம். ஒரு பொருளும் வீணாகவில்லை.

லாரி திரும்பி வந்தது. செய்தித்தாள்களும் வேறு செய்திக்குப் போய்விட்டன. உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்கியது. 2019இல் அண்ணன் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் யோசனை கேட்டு, இருபத்தைந்து அடிக்கு ஒன்றாகப் பிள்ளை வைத்தார். ஊடுபயிராக உளுந்தும் கடலையும். அவர் மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். கன்று வாங்கியது, வேலி, ஆள்கூலி, மகள் படிப்பு என்று கடன் ஏறியது. அந்த ஆண்டுகளில் நாங்கள் உடன்பிறந்தவர்கள் மூவரும் மாதம் இவ்வளவு என்று பேசிவைத்து அனுப்பினோம். தொகை பெரிதல்ல. ஆனால் ஒரு மாதமும் தவறியதில்லை. "பணத்தவிட, மாசம் பொறந்தா நீங்க கேக்குறீங்கள்ல, அதுதாண்டா தெம்பு" என்று அண்ணன் சொல்வார். சென்ற ஆண்டு சில மரங்களில் முதல் பாளை வெடித்தது.

உறுப்பினர்களுக்குச் சில யோசனைகள்

1. ஊரில் உள்ள ஐந்து எண்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதில் ஒன்றாவது வேறு மாவட்டத்தில் இருக்கும் உறவினருடையதாக இருக்கட்டும். ஊரில் உள்ளவர்கள் அவருக்குச் சொன்னால் அவர் நமக்குச் சொல்லலாம்.

2. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. வெளியூரிலிருந்து அழைக்கும்போது மாவட்டத் தலைநகரின் எஸ்.டி.டி. எண்ணை முன்னால் சேர்க்க வேண்டும். தஞ்சாவூர் 04362, நாகப்பட்டினம் 04365, திருவாரூர் 04366, புதுக்கோட்டை 04322.

3. புயல் எச்சரிக்கை வந்தவுடன் பெற்றோரிடம் பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்கச் சொல்லுங்கள். நிவாரணம் கேட்கும்போது இவைதான் பேசும்.

4. பொருள் அனுப்புமுன் என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

5. பிழைப்பு திரும்ப எத்தனை காலம் ஆகுமோ, அத்தனை காலத்துக்குக் கணக்கிட்டு உதவுங்கள். கூரைக்கு ஒரு மாதம், படகுக்கு ஓர் ஆண்டு, தென்னைக்கு ஏழு ஆண்டு.

2005 ஜூலை 26 நினைவிருக்கிறதா? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, தண்டவாளமெல்லாம் மூழ்கி, நம்மில் பலர் இரவெல்லாம் இடுப்பளவு நீரில் நடந்தோம். அன்று நம் தொலைபேசிகள்தான் ஊமையாயின. ஊரில் இருந்தவர்கள்தான் கோயில் வாசலில் உட்கார்ந்து தவித்தார்கள். தவிப்பு இரண்டு பக்கமும் பொதுவானது.

அந்தத் தாலுகா நோட்டுப் புத்தகம் இன்றும் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, உங்கள் ஊர்ப் பக்கத்தில் எண்களைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். புதிதாக வந்த குடும்பங்களையும் அழைத்து வாருங்கள்.