கில்ட் உடுத்தும் பெண்களும் கடைக்காரரின் கணக்கும்

பருப்பும் மிளகாயும் விற்கிற நமக்கு ஸ்காட்லாந்துக்காரர் உடையைப் பற்றி என்ன பேச்சு என்று வணிக அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் கல்லாவில் உட்காரும் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. "இது ஆண்கள் வாங்குகிற சரக்கு, இது பெண்கள் வாங்குகிற சரக்கு" என்று மனத்துக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருப்போம். அந்தக் கோட்டை வாங்குகிறவர்கள் எப்படி மெல்ல மெல்ல அழிக்கிறார்கள் என்பதற்குக் கில்ட் என்னும் கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை நல்ல உதாரணம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

உடை எப்படிப்பட்டது?

ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஆண்கள் பழங்காலத்தில் மிக நீளமான ஒரே கம்பளித் துணியை இடுப்பில் கொசுவி, வாரால் கட்டி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். 18-ம் நூற்றாண்டில் மேல்பகுதியை நீக்கிவிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் உடுத்தும் சிறிய கில்ட் பரவியது. இன்று நாம் படங்களில் பார்ப்பது அதுதான். முன்பக்கம் மடிப்பில்லாமல் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று விழும். கொசுவம் முழுவதும் பின்பக்கம். நம் ஊரில் கண்டாங்கிச் சேலைக்குப் பின்கொசுவம் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

கட்டங்கள் போட்ட அந்தத் துணிக்கு டார்ட்டன் என்று பெயர். கில்ட்டில் பை கிடையாது. ஆகவே இடுப்புச் சங்கிலியில் முன்பக்கமாக ஒரு தோல் பையைத் தொங்கவிடுவார்கள். அதற்கு ஸ்போரன் என்று பெயர். அவர்களுடைய கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பணப்பை என்றே பொருள். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பையின் வேலையை அங்கே ஸ்போரன் செய்தது.

அக்காலப் பெண்கள் கில்ட் உடுத்தவில்லை. அவர்களுக்கு 'அரிசைட்' என்ற நீண்ட போர்வை இருந்தது. மார்ட்டின் மார்ட்டின் என்பவர் மேற்குத் தீவுகளைப் பற்றி 1703-ல் வெளியிட்ட நூலில் அதை விவரித்திருக்கிறார். வெள்ளைத் துணியில் கறுப்பு, நீலம், சிவப்புக் கோடுகள், மார்பில் வெள்ளி அல்லது பித்தளை ஊசி, இடுப்பில் தோல்வார். ஆகவே டார்ட்டனும் ஊசியும் ஆரம்ப முதலே பெண்களுக்கும் சொந்தம். கில்ட் என்ற தைத்த உடை மட்டுமே ஆண்களுடையதாக இருந்தது.

சட்டம் விட்டுவைத்த பெண்கள்

1746 ஏப்ரலில் கல்லோடன் என்ற இடத்தில் நடந்த போரில் இளவரசர் சார்லஸின் படை தோற்றது. அவர் தப்பி ஓட உதவியவர் ஃப்ளோரா மக்டொனால்ட் என்ற இளம்பெண். இளவரசருக்கு வேலைக்காரிபோல் பெண்வேடம் போட்டு, 'பெட்டி பர்க்' என்று பெயரும் வைத்து, படகில் ஸ்கை தீவுக்குக் கூட்டிச் சென்றார்.

அதே ஆண்டு லண்டன் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மலைநாட்டு உடையை இனி உடுத்தக் கூடாது. முதல்முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் ஏழாண்டு நாடு கடத்தல். 1747 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தத் தடை 1782 வரை, அதாவது 35 ஆண்டுகள் நீடித்தது. ஒரு தலைமுறை வளர்ந்து ஆளாகும் காலம் இது.

சட்டத்தின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். "ஆணோ சிறுவனோ" உடுத்தக்கூடாது என்றுதான் அதில் இருக்கிறது. பெண்களைப் பற்றிப் பேச்சில்லை. படைவீரர்களுக்கும் விலக்கு உண்டு. 1749-ல் ஆலன் ராம்சே தீட்டிய ஃப்ளோரா மக்டொனால்டின் ஓவியத்தில் அவர் டார்ட்டன் துணி அணிந்து நிற்பதை இன்றும் காணலாம். ஆண்கள் உடுத்தினால் குற்றமான காலத்தில் அந்தத் துணி ஒரு பெண்ணின் தோளில் இருந்தது.

மொத்த வியாபாரியின் கெட்டிக்காரத்தனம்

பேனக்பர்ன் என்ற ஊரில் வில்சன் குடும்பத்தார் டார்ட்டன் நெய்து விற்றார்கள். தடை இருந்தாலும் ராணுவத்துக்கு விலக்கு உண்டல்லவா? படைப்பிரிவுகளின் தேவை அவர்கள் தறிக்கு வேலை கொடுத்தது. தங்களிடமுள்ள கட்டங்களையெல்லாம், எந்த நிற நூல் எத்தனை இழை என்ற கணக்கோடு, 1819-ல் ஒரு மாதிரிப் புத்தகமாக எழுதி வைத்தார்கள்.

மூன்றே ஆண்டில் அதற்குப் பலன் கிடைத்தது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். சுமார் 170 ஆண்டுகளுக்குப் பின் ஸ்காட்லாந்தில் கால்வைத்த முதல் மன்னர் அவர். விழாவை நடத்திவைத்த நாவலாசிரியர் வால்டர் ஸ்காட், எல்லோரும் டார்ட்டன் உடுத்தி வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். மன்னரும் கில்ட் அணிந்தார். தறிகளுக்கு ஆர்டர் குவிந்தது. கணக்கு எழுதி வைத்திருந்தவர்களால் கேட்ட மாதிரியைக் கேட்ட நேரத்தில் நெய்ய முடிந்தது. பின்னர் 1852-ல் பால்மோரல் மாளிகை விக்டோரியா அரசியாரின் குடும்பத்துக்குச் சொந்தமாயிற்று. அரச குடும்பத்துப் பெண்களே டார்ட்டன் உடுத்தியதும் சீமாட்டிகளிடையே அது நாகரிகமாகிவிட்டது.

பூட்டுக் கடை ஊசி

உடையோடு சேரும் அணிகளில் கடைக்காரர்களான நமக்குப் பிடிக்கக்கூடியது 'லக்கன்பூத்' ஊசி. இதய வடிவில், பெரும்பாலும் வெள்ளியில், சில சமயம் உச்சியில் கிரீடத்தோடு இருக்கும். எடின்பரோவில் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்துக்கு அருகே, தள்ளுபடிகளும் திறந்த தட்டுகளும் நிறைந்த கடைத்தெருவில், இரவில் பூட்டக்கூடிய நிரந்தரக் கடைகள் சில இருந்தன. அவற்றுக்கு லக்கன்பூத், அதாவது பூட்டிய கடை என்று பெயர். பொற்கொல்லர்கள் அங்கே இந்த ஊசிகளை விற்றதால் கடையின் பெயரே பொருளுக்கும் நிலைத்துவிட்டது. மணம் பேசியவன் பெண்ணுக்குக் கொடுப்பான். பிறகு கண்ணேறு படாமலிருக்கக் குழந்தையின் போர்வையில் அதைக் குத்துவார்கள். அந்தக் கடைகள் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இடிக்கப்பட்டுவிட்டன. ஊசி இன்றும் விற்கிறது.

பெண்கள் தோளில் போடும் டார்ட்டன் பட்டைக்கும் முறை இருக்கிறது. குலச் சின்னங்களைக் கவனிக்கும் அதிகாரியான லார்ட் லயன் ஒப்புதலோடு 20-ம் நூற்றாண்டில் வகுத்த வழிகாட்டி அது. சாதாரணக் குலப்பெண் வலத்தோளில் போட்டு ஊசி குத்த வேண்டும். குலத்தலைவரின் மனைவி இடத்தோளில் போடலாம். வேறு குலத்தில் மணமுடித்தும் பிறந்த குலத்தின் டார்ட்டனையே உடுத்த விரும்புகிறவர் வலத்தோளில் போட்டு, இடப்பக்க இடுப்பில் பெரிய முடிச்சாகக் கட்டலாம். இது சட்டமல்ல, வழக்கம். ஆனால் இதைத் தெரிந்த கடைக்காரர் பட்டை கேட்டு வந்தவருக்கு ஊசியும் சேர்த்து விற்பார். தெரியாதவர் பட்டையை மட்டும் மடித்துக் கொடுப்பார்.

ஆடக்கூடாது என்ற ஊர்

மலைநாட்டு நடனப் போட்டிகளில் முதலில் ஆண்கள்தான் ஆடினார்கள். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் பெண்கள் இறங்கினார்கள். தனி உடை ஏதும் இல்லாததால் ஆண்களின் கில்ட்டையே அணிந்து ஆடினார்கள். நாளடைவில் பெண்களே பெரும்பான்மையானார்கள்.

இது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. 1950-களில் அபோயின் ஊரின் விளையாட்டு விழாக் குழு, பெண்கள் கில்ட் அணிந்து ஆடக்கூடாது என்று தடுத்தது. அதற்கு மாற்றாக டார்ட்டன் பாவாடையும் மேலங்கியும் தோளில் துணியுமாக ஓர் உடை ஏற்பட்டது. அதற்கு இன்றைக்கும் 'அபோயின் உடை' என்றே பெயர். ஃப்ளோரா மக்டொனால்டின் பெயரால் வழங்கும் நடனத்தைப் பெண்கள் இந்த உடையில் ஆடுகிறார்கள். மற்ற விழாக்களில், வாள் நடனத்துக்கும் 'ஹைலாண்ட் ஃப்ளிங்' என்ற துள்ளல் நடனத்துக்கும் கில்ட்டும் வெல்வெட் சட்டையும் கட்டம் போட்ட காலுறையுமே பெண்களின் உடை.

ஆக, தடை போட்டதால் பெண்கள் ஒதுங்கிவிடவில்லை. தையற்காரருக்கு ஒன்றுக்கு இரண்டு உடை தைக்கும் வேலை வந்தது. 1930-ல் இங்கிலாந்தின் டேகன்ஹாமில் ஒரு பாதிரியார் தொடங்கிய பெண்கள் பைப் இசைக்குழு கில்ட் அணிந்து பல நாடுகளுக்குச் சென்று வாசித்தது. வாத்தியமும் உடையும் ஆண்களுடையவை என்று யாராவது கடையை மூடிக்கொண்டிருந்தால் நஷ்டம் அந்தக் கடைக்குத்தான்.

சரக்கை அறிவோம்

ஆண்களின் முழுக் கில்ட்டுக்கு வழக்கமாக எட்டு கஜம் துணி. இரட்டை அகலத்தில் எடுத்தால் நான்கு கஜம் போதும். நடுவில் வெட்டி இணைத்துக்கொள்வார்கள். துணியின் தரத்தைக் கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று எடையால் சொல்கிறார்கள். 16 அவுன்ஸ் என்றால் கனமானது, 13 நடுத்தரம், 10 அல்லது 11 இலேசானது. கொசுவத்தைக் கட்டம் தொடர்ந்து தெரியும்படி மடிப்பது ஒரு முறை. ஒரே கோடு வரிசையாக வரும்படி மடிப்பது இன்னொரு முறை. அடியில் மடித்துத் தைப்பதில்லை. துணியின் ஓரக்கரையே விளிம்பு. மண்டியிட்டால் தரையைத் தொடக்கூடாது என்பது நீளத்துக்குப் பழைய அளவு.

பெண்களுக்கான 'கில்ட் பாவாடை' வேறு. துணி இலேசு, கொசுவம் குறைவு, இடுப்புக்கும் அரைக்கும் வடிவம் தந்து தைப்பார்கள். ஆண்களுடையது வலப்பக்கம் மூடும். பெண்களுடையது வழக்கமாக இடப்பக்கம். மாலை விருந்துகளுக்குக் கணுக்கால் வரை நீண்டதும் உண்டு. முன்மடிப்பின் ஓரத்தில் குத்தும் கில்ட் ஊசி மேல்துணியில் மட்டும் குத்துவதற்கானது. இரண்டு துணியையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும். விற்கிறவர் இதைச் சொல்லிக் கொடுத்தால் வாங்குகிறவர் மறுமுறையும் அவரிடமே வருவார்.

கைத்தையலுக்கு வந்த சோதனை

இவ்வளவு பேர் வாங்கும் பொருளுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. பாலி-விஸ்கோஸ் கலப்புத் துணியில் இயந்திரத்தில் தைத்த மலிவுக் கில்ட்டுகள் சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பெருகிவிட்டன. முறையான கைத்தையலைக் கற்கப் பல ஆண்டுகள் வேண்டும். பிரிட்டனின் கைத்தொழில் பாதுகாப்புச் சங்கம் 2021-ல் வெளியிட்ட பட்டியலில் கில்ட் தையலை அழியும் ஆபத்திலுள்ள தொழிலாகச் சேர்த்தது. கட்டங்களுக்கு மட்டும் பாதுகாப்பு இருக்கிறது. 2009-ல் ஸ்காட்லாந்து அரசு டார்ட்டன்களுக்கென்று பதிவேடு தொடங்கியது. புதிய கட்டம் உருவாக்குகிறவர் கட்டணம் செலுத்திப் பதிந்துகொள்ளலாம். ஆனால் பதிவேடு கட்டத்தைத்தான் காக்கும். ஊசி பிடிக்கும் கையைக் காக்க வாங்குகிறவர் வேண்டும்.

மலிவுச் சரக்கு விற்பது பாவமல்ல. வீட்டிலேயே துவைத்து, ஒரு விழாவுக்கு உடுத்தப் போகிறவருக்கு அது போதும். கலப்பைக் கம்பளி என்று சொல்லி விற்பதுதான் பாவம். அங்கே ஒரு கடை அப்படிப் பொய் சொன்னால் பாதிக்கப்படுவது பக்கத்திலிருக்கும் நேர்மையான தையற்காரர். இரண்டாம் ரக மிளகை முதல் ரகமென்று ஒருவர் விற்கும்போது தெரு முழுவதும் பெயர் கெடுவதை நாம் அறிவோம்.

நாற்பது ஆண்டு மொத்த வியாபாரத்தில் நான் பார்த்த அளவில், எந்தப் பொருள் யாருக்கு என்று முடிவு செய்கிறவர் கடைக்காரர் அல்ல. கேட்டு வருகிறவர்தான். கடைக்காரர் செய்ய வேண்டியவை மூன்று. வில்சன் குடும்பத்தார்போலச் சரக்கின் கணக்கை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். பட்டை விற்பவர்போல அதன் பழக்க வழக்கத்தைத் தெரிந்திருக்க வேண்டும். எடையும் கலப்பும் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இதுவரை நம் கடைக்கு வராத ஒருவர் நாளை வந்து, அவருக்குரியதல்ல என்று நாம் நினைத்திருந்த ஒன்றைக் கேட்டால், "அது உங்களுக்கில்லை" என்று சொல்லாமல் தராசை எடுப்போம்.