மண்ணுக்குள் ஒரு மருந்தாலை

தொண்டை நோவோடு காய்ச்சலாய்க் கிடந்த என் மகளுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. டொக்டர் எரித்ரோமைசின் எழுதினார். "இத என்னத்தால வாப்பா செய்ற?" என்று கேட்டாள். "மண்ணில உள்ள ஒரு பற்றீரியாதான் மகள் செய்யுது" என்றேன்.

1949இல் பிலிப்பைன்ஸின் இலோயிலோவிலிருந்து வைத்தியர் அபெலார்டோ அகிலார் அமெரிக்காவுக்கு அனுப்பிய மண்ணில் கிடைத்தது அது. அதன் மூன்று பெரிய நொதியங்களில் ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றும் காபன் சங்கிலியில் ஒரு துண்டைக் கோத்து அடுத்ததிடம் கையளிக்கும். இறுதியில் சங்கிலி வளையமாகும். வேறு நொதியங்கள் இரண்டு வெல்லங்களை இணைக்கும். அவையின்றி மருந்துக்கு வீரியமில்லை.

நோபல் பரிசு பெற்ற வூட்வர்டின் குழு இதை ஆய்வுகூடத்தில் தொகுத்த செய்தி 1981இல், அவர் மறைந்தபின்தான் வெளிவந்தது. அதற்குப் படிகள் ஏராளம். ஆகவே மருந்தாலைகள் இன்றும் பற்றீரியாவை வளர்த்தே இதைப் பெறுகின்றன.

மூன்றாம் நாள் மகளின் காய்ச்சல் இறங்கியது.