டேர்ம் இன்சூரன்ஸுக்குள்ள ஒரு டிரஸ்ட்: எம்டபிள்யூபி சட்டம்

டிரஸ்ட்னு சொன்னாலே கோயில், காலேஜ், பெரிய பணக்காரக் குடும்பம்தான் ஞாபகம் வரும். ஆனா மாசச் சம்பளத்துல வாழற கல்யாணமான ஆளும் செலவில்லாம ஒரு டிரஸ்ட் உருவாக்கலாம். டேர்ம் இன்சூரன்ஸ் விண்ணப்பத்துல "எம்டபிள்யூபி சட்டத்தின் கீழ் வேண்டுமா?"னு ஒரு கேள்வி வரும். பலர் "இல்லை"னு டிக் பண்ணிட்டு அடுத்த பக்கம் போயிடுவாங்க.

அது 1874-ஆம் வருஷத்து திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம். கணவர் தன் உயிர் மேல, மனைவி அல்லது பிள்ளைகளுக்காகன்னு குறிப்பிட்டு பாலிசி எடுத்தா, அந்த பாலிசியே ஒரு டிரஸ்ட் என்கிறது அதோட 6-வது பிரிவு. தனிப் பத்திரம் வேண்டாம். பணம் கணவரோட சொத்துக் கணக்குல சேராது. அவருக்குக் கடன் கொடுத்தவங்க கை வைக்க முடியாது. ஆரம்பத்துல இந்துக்கள், முஸ்லிம்களுக்கு இந்த வசதி இல்ல. மெட்ராஸ்ல 1913 டிசம்பர் 31-க்கு அப்புறம் எடுத்த பாலிசிகளுக்கு வந்தது. மத்த இடங்களுக்கு 1923-லதான்.

"நாமினி போட்டிருக்கேனே, போதாதா?" நாமினியை எப்ப வேணா மாத்தலாம். பாலிசியை அடகு வைக்கலாம். எம்டபிள்யூபி பாலிசியில கணவர் தன் இஷ்டத்துக்கு ரெண்டையும் செய்ய முடியாது. நம்ம கோடிங் பாஷையில, நாமினி வேரியபிள், இது கான்ஸ்டன்ட். பிசினஸ் பண்றவங்க, அடுத்தவங்க கடனுக்கு ஜாமீன் போட்டவங்க வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஆனா இதை கவனிங்க. ஹோம் லோன்ல மனைவியும் கையெழுத்து போட்டிருந்தா, அது அவங்களோட கடனும்தான். கணவர் போன பிறகும் பேங்க் அவங்ககிட்ட கேட்கும். இந்தச் சட்டம் கணவரோட கடன்ல இருந்துதான் காப்பாத்தும். அதனால கவரேஜ் தொகையை முடிவு பண்ணும்போதே லோன் பாக்கியையும் சேர்த்துக்கோங்க.

இன்னும் மூணு விஷயம்:

1. பாலிசி எடுக்கும்போதே இதைத் தேர்ந்தெடுக்கணும். பேர் குறிப்பிட்ட மனைவியை, விவாகரத்து ஆனாலும், கணவர் தன்னிச்சையா நீக்க முடியாது.

2. டிரஸ்டி யாருன்னு எழுதுங்க. எழுதலைன்னா, சட்டப்படி பணம் மாநிலத்தோட அரசு டிரஸ்டிகிட்ட போகும். மனைவியையே டிரஸ்டியா போடலாம்.

3. கடன்காரங்களை ஏமாத்த எடுத்ததுன்னு நிரூபணமானா, பாலிசிப் பணத்துல இருந்தே அவங்க பாக்கியைக் கேட்கலாம்.

மனைவி தன் உயிர் மேல எடுக்கிற பாலிசிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அவங்களுக்கு உயில் எழுதறதுதான் எளிய வழி. அதை அடுத்த எபிசோடுல பேசலாம். அதுக்குள்ள ரெண்டு பேரும் உட்கார்ந்து, யார் யார் எந்த லோன்ல கையெழுத்து போட்டிருக்கீங்கன்னு ஒரு பட்டியல் போட்டு வைங்க.